தோட்டா மாற்றினால் பின் சைட்டைத் திருகுங்கள். முன் சைட்டில் அரம் படவிடாதீர்கள்

போட்டிக்காகக் கைத்துப்பாக்கி சுடுகிறவர்கள், சைட் (குழலின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் குறிபார்க்கும் பாகம்) சரிசெய்ய யாரிடமாவது துப்பாக்கியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தோட்டா வகையை மாற்றியதால் என் ரிவால்வரின் குறி இறங்கியது. பின் சைட்டின் திருகைக் கொஞ்சம் திருப்பினால் முடிந்துபோகும் வேலை. அதை ஒரு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் பின் சைட்டைத் தொடவே இல்லை. முன் சைட்டை அரத்தால் ராவி, பாழாக்கித் திருப்பிக் கொடுத்தார். கூலியையும் குறைக்காமல் வாங்கிக்கொண்டார்.

துப்பாக்கி .38 ஸ்பெஷல் ரிவால்வர், பின் சைட் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரக்கூடியது. அதுவரை 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) உருண்டை முனைக் குண்டு போட்டுச் சுட்டுவந்தேன். பிறகு 148 கிரெய்ன் வாட்கட்டருக்கு மாறினேன். வாட்கட்டரின் முகம் தட்டையானது. பஞ்ச் மெஷினில் துளைத்தது போல அட்டையில் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டைக்கே இடமில்லை. ஆனால் 25 மீட்டரில் குண்டுகள் மையத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழுந்தன.

இதில் அதிசயம் ஏதுமில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பின்னுதைப்பு தொடங்கி, குழல்வாய் மேலே எழ ஆரம்பித்துவிடுகிறது. குண்டின் எடையும் வேகமும் மாறினால் அந்த எழுச்சியும் மாறும். கைத்துப்பாக்கியில் கனமான, மெதுவான குண்டு பொதுவாக மேலேயும், இலேசான, வேகமான குண்டு கீழேயும் விழுவது இதனால்தான். துப்பாக்கியில் பழுது இல்லை, சுடுகிறவர் கையிலும் பிழை இல்லை. மாற்ற வேண்டியது சைட் மட்டுமே.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள இடைவெளியை விலகலால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். என் ரிவால்வரில் இடைவெளி 190 மில்லிமீட்டர், விலகல் 50, தூரம் 25,000. விடை 0.38 மில்லிமீட்டர். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும். முன் சைட் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். ஆக, பின் சைட்டை அரை மில்லிமீட்டர்கூட ஏற்ற வேண்டியதில்லை.

ஒரு பெட்டி வாட்கட்டரோடு, 25 மீட்டர் தூரம், கறுப்பு வட்டத்தின் அடியைத் தொட்டுக் குறி வைப்பேன், அதாவது ஆறு மணி நிலை என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். “கவலைப்படாதீர்கள் சார், சுட்டுப் பார்த்தே தருகிறேன்” என்றார். திரும்பப் போனபோது, நடுவில் அழகாகக் குவிந்த துளைகளோடு ஓர் அட்டையை நீட்டினார்.

அந்தத் துளைகளைக் கிட்டத்தில் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகக் கிழிந்து, காகிதம் உள்ளே மடிந்திருந்தது. அது உருண்டை முனைக் குண்டின் துளை. வாட்கட்டர் அப்படிக் கிழிக்காது. பின் சைட்டின் உயரத் திருகில் நான் வைத்திருந்த சிறிய வண்ணக் கோடு கலையாமல் அப்படியே இருந்தது. ரசீதிலோ ‘பின் சைட் சரிசெய்தல்’ என்று தனியாக ஒரு தொகை. முன் சைட்டின் உச்சி வெள்ளையாக மின்னியது. காலிப்பரில் அளந்தேன். முன்பு குறித்துவைத்திருந்த உயரத்தைவிட 1 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது.

சுடுதளத்தில் வாட்கட்டர் போட்டுச் சுட்டேன். மையத்துக்கு 9 சென்டிமீட்டர் மேலே, ஏழாம் வளையத்தில் குவிந்தது. விடாமல் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது: கையில் இருந்த வேறு தோட்டாவை, 10 மீட்டரில், மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டிருக்கிறார்.

இந்த 10 மீட்டர் எவ்வளவு பெரிய கேடு என்பதைச் சொல்லியாக வேண்டும். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டர், பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஆறு மணி நிலையில் குறி வைத்தால், குண்டு குறிவைத்த இடத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே விழ வேண்டும். அதே அட்டையை 10 மீட்டரில் மாட்டி, அங்கேயே 10 சென்டிமீட்டர் ஏறும்படி சைட்டை அமைத்தால், 25 மீட்டருக்குப் போகும்போது அந்த ஏற்றம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டராகிவிடும். புவியீர்ப்பில் குண்டு இறங்குவதைக் கழித்த பிறகும் இவ்வளவு. அதாவது மையத்துக்கு 14 சென்டிமீட்டர் மேலே. வாட்கட்டர் உருண்டை முனைக் குண்டைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழும், மிச்சம் 9. என் அட்டையில் விழுந்ததும் அதுவே.

அவர் சொன்ன சமாதானம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “திருகு நாளடைவில் தளரும் சார், முன்னால் ராவிவிட்டால் நிரந்தரம்.” நகரும் பின் சைட்டை வைத்துத் துப்பாக்கி செய்வதே, தோட்டாவும் தூரமும் மாறும் என்பதற்காகத்தான். ராவிய உலோகம் திரும்ப வராது. இப்போது பின் சைட்டை அடிவரை இறக்கியும் குண்டு மையத்துக்கு வரவில்லை. பழைய 158 கிரெய்ன் குண்டு போட்டாலோ இன்னும் மேலே போகிறது. ராவியதும் நேராக இல்லை. இடது முனை மழுங்கி, வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் பளபளக்கிறது. முன் சைட்டின் உச்சி எது என்றே கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அட்டையில் நடுவில்தானே விழுந்திருக்கிறது” என்று முடித்துவிட்டார்.

துப்பாக்கியைக் கொடுக்கும் முன் முன் சைட்டின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திருகுகளில் அடையாளம் வையுங்கள். ‘முன் சைட்டில் அரம் படக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சுட்டுக் காட்டும் அட்டையில் தூரமும் தோட்டாவும் குறிக்கப்படாவிட்டால் அதை ஏற்காதீர்கள். மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டதை ஒற்றைக் கையில் சுடும் போட்டிக்கு அப்படியே நம்பாதீர்கள். பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.

உண்மையில் இதை நீங்களே செய்துகொள்வது நல்லது. ஒரே ஒரு குண்டைப் பார்த்துத் திருகாமல், ஐந்தைந்தாகச் சில முறை சுட்டுக் குவியலின் நடுவை எடுங்கள். திருகின் ஒரு கிளிக்குக் (‘டிக்’ என்று நகரும் ஒரு படிக்கு) குறி எவ்வளவு நகரும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும், கையேட்டில் இருக்கும். திருகில் ஆட்டம் இருந்தால் சற்றுத் தாண்டிப் போய், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திரும்பி வந்து நிறுத்துங்கள். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிளிக் என்று குறித்துவைத்தால் மறுபடி மாறும்போது பயன்படும்.

ஏற்கெனவே யாராவது உங்கள் முன் சைட்டை ராவியிருந்தால், மேலே உலோகம் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் மறுபடி கொடுத்துவிடாதீர்கள். பல ரிவால்வர்களில் முன் சைட்டின் தகடு ஒரு சிறு ஊசியால்தான் பொருத்தப்பட்டிருக்கும். ஊசியைத் தட்டி எடுத்துப் புதிய தகட்டை மாட்டலாம். என்னுடையதும் அந்த வகைதான். தயாரிப்பாளரிடம் உயரமான தகடு கேட்டிருக்கிறேன்.