வன்னிக் கிரவலில் பாஜா: சில வருட ஓட்டத்தின் பின்

ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மலைநாட்டுப் படங்களோடுதான் எழுதுகிறார்கள். என்னுடையது ஓடுவது இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம். இங்கே ஏறுவதற்கு மலை கிடையாது. கிரவல், மணல், மாரி வந்தால் களி, அவ்வளவுதான்.

இருக்கை உயரம் 875 மில்லிமீற்றர். குள்ளமானவர்கள் பயப்படத் தேவையில்லை. சற்றே சரித்து ஒரு காலை ஊன்றப் பழகினால் சரி. முன்சில்லு 21 அங்குலம் என்பதால் சாதாரண மோட்டார் சைக்கிள் விழுந்தெழும்பும் குழியை இது உருண்டு கடந்துவிடும். முன் மட்கார்ட் அவ்வளவு உயரத்தில் ஏன் இருக்கிறது என்பது மார்கழியில் வயற்பாதைக்குள் இறங்கினால் விளங்கும். தாழ்ந்த மட்கார்ட் என்றால் களி அடைந்து சில்லையே இறுக்கிப் பிடித்துவிடும்.

காய்ந்த கிரவலில் மேலே கிடக்கும் சிறு கற்கள் தரையில் கொட்டிய பயறு மாதிரி உருளும். வளைவுக்குள் போன பிறகு முன்பிறேக் பிடிக்கக் கூடாது. வேகத்தை முன்பே குறைத்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, கைப்பிடியை இறுக்காமல் விட்டால் வண்டி தானே நேராகும். அலை அலையாகக் கிடக்கும் பாதையில் எழும்பி நின்று ஓட்டுவது முதுகுக்கும் நல்லது. சுண்டிக்குளம் பக்க மணலுக்கு ரயர்க் காற்றை 15, 16 பிஎஸ்ஐக்கு இறக்குவேன். தார் றோட்டுக்கு ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும், அதனால் கைப்பம்ப் எப்போதும் கூடவே இருக்கும்.

இந்த வண்டி எங்கும் போகும். வன்னியில் சிக்கலே அதுதான். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, ஆனால் போர்க்காலத்து மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அகற்றிய இடங்களிலும் வெடிக்காத எறிகணை மழைக்கு மேலே வருவதுண்டு. ஆகவே என் எல்லை லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போன தடம். அண்மையில் சில்லு உருண்ட அடையாளம் இல்லாத பாதையில் நான் இறங்குவதில்லை. மிதிவெடி எச்சரிக்கைக்கான மண்டையோட்டுச் சிவப்புப் பலகையைக் கண்டால் அகலமாக வளைத்துத் திருப்பக் கூடாது. நின்று, வந்த தடத்திலேயே வண்டியைப் பின்னால் உருட்டி வர வேண்டும். சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் போகாதீர்கள். வெளியூர்ப் பெடியள் குழுவாக வந்து காட்டுக்குள் 'புதுப்பாதை' வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வண்டிக்குப் போக முடியும் என்பதற்காகக் குளக்கட்டிலும் ஏற வேண்டாம். ஈரமான குளக்கட்டில் இந்தக் கரடுமுரடான ரயர் கீறும் சாலில் அடுத்த மழைத்தண்ணி ஓடும், மண் அரிக்கும். அந்தக் குளத்தை நம்பித்தான் கீழே காலபோகம் விதைத்திருக்கிறார்கள். அறுவடை நாளில் றோட்டோரம் நெல் காயப் போட்டிருந்தால் மெதுவாக விலகிப் போங்கள், புழுதி நெல்லில் படியும். சைலன்சரைக் கழற்றிச் சத்தம் கூட்டுபவர்களுக்கு ஒன்று: மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் கன்றுகள் வெருண்டு ஓடினால் தேடிப் பிடிக்க ஒரு முழுநாள் போகும்.

யானைக்கு என்னிடம் தந்திரம் எதுவும் இல்லை. நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு காட்டுப்பாதையில் ஓடுவதில்லை. பகலில் தூரத்தில் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், அக்சிலேட்டர் முறுக்காமல், திரும்பி வந்துவிடுவேன். இரவில் தார் றோட்டில் படுத்திருக்கும் மாடுதான் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது. பாஜாவின் இரண்டு பெரிய லைட்டும் அதற்குக் கொஞ்சம் உதவும்.

மாரியில் தாம்போதிக்கு (ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாதை) மேலால் தண்ணி ஓடினால், அடித்தளம் தெரியாவிட்டால் நான் கடப்பதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் கதவு திறந்தால் கனகராயன் ஆறு எவ்வளவு வேகமாக ஏறும் என்று கீழே குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. புழுதிக் காலத்தில் காற்று வடிகட்டியை அடிக்கடி மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசிப் போடுகிறேன். சூரைமுள்ளுக்கு ஒரு ரியூப், ரயர் கழற்றும் இரண்டு கம்பி, ஒரு கிளச் கேபிள் பையில் கிடக்கும். ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடும் சப்பாத்து, இவை வெயிலிலும் கழற்றுவதில்லை.

கொழும்பு போய்வர மட்டும் ஒரு வண்டி தேடுபவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஏ9 நெடுஞ்சாலையில் நெடுக ஓடினால் குந்தியிருக்கும் இடம் நோகும், பாவித்த வண்டி என்றால் உதிரிப்பாகத்துக்கும் காத்திருக்க வேண்டும். வயலும் தோட்டமும் கிரவலுக்கு அப்பால் இருப்பவருக்கு இது சரியான வண்டி.