கால்பந்து பெட்டிங் ‘பாடம்’, மாதம் 999 ரூபாய்: வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை பசங்க போனில் இந்த டெலிகிராம் சேனல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் போடவில்லை, போட்டும் பிரயோஜனமில்லை. இதே அச்சில் வார்த்த சேனல்கள் நிறைய, பெயரும் அடிக்கடி மாறும். 999 கட்டினால் ‘தொடக்கநிலை பாடம்’ என்று தமிழில் ஒரு பிடிஎஃப், அப்புறம் தினமும் இரண்டு மூன்று டிப்ஸ்.

பிடிஎஃப் பாதி தேறும். மேட்ச் ரிசல்ட், ஓவர்-அண்டர், இரண்டு அணியும் கோல் போடுமா என்பதையெல்லாம் தெளிவாகவே சொல்கிறார்கள். ஓவர் 2.5 என்றால் மூன்று கோலாவது விழவேண்டும். அரை கோல் என்று ஒன்று கிடையாது, சமன் ஆகக்கூடாது என்பதற்காக வைத்த அரை அது. இதுவரை சரி.

ஏசியன் ஹேண்டிகேப்பில்தான் (ஒரு அணியின் கோல் கணக்கில் கால், அரை, முக்கால் என்று கற்பனையாகக் கூட்டியோ கழித்தோ பந்தயம் வைப்பது) சறுக்கல். மைனஸ் 0.25 எடுத்து மேட்ச் டிரா ஆனால் காசு முழுசாகத் திரும்பும் என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு. அது 0 ஹேண்டிகேப்புக்கு. 0.25-இல் வைத்த 1,000 ரூபாய் இரண்டாகப் பிரியும்: 500 பூஜ்யத்தில், 500 மைனஸ் 0.5-இல். டிரா ஆனால் முதல் 500 திரும்பும், இரண்டாவது போச்சு. மைனஸ் 0.75-உம் இதே கணக்குதான்: ஒரே கோலில் ஜெயித்தால் பாதிக்கு லாபம், மீதிப் பாதி வைத்தபடி கைக்கு வரும்.

90 நிமிட விதியைப் பற்றி ஒரு வரி இல்லை. மேட்ச் ரிசல்ட்டில் 90 நிமிடமும் இஞ்சுரி டைமும் மட்டும்தான் கணக்கு. எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி சேராது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பிரான்ஸுக்குக் கை தட்டிய புதுச்சேரிக்காரர்களுக்கு மறந்திருக்காது. 90 நிமிடத்தில் 2-2, எக்ஸ்ட்ரா டைமில் 3-3, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா ஜெயித்தது. கோப்பை மெஸ்ஸி கையில். ஆனால் மேட்ச் ரிசல்ட்டில் ‘அர்ஜென்டினா’ என்று வைத்தவருக்குத் தோல்வி, ஜெயித்தது டிரா. கோப்பை யாருக்கு என்பது தனிப் பந்தயம். புதிதாக வருகிறவர்கள் ‘ஏமாத்திட்டான்’ என்று கத்துவதில் பாதி இந்தக் குழப்பம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பந்தயம் நடத்தும் புக்கியின் கூலியைப் பற்றி மூச்சே விடாதது. ஒரு மேட்சுக்கு ஆட்ஸ், அதாவது வைத்த ஒரு ரூபாய்க்கு ஜெயித்தால் கைக்கு வருவது, ஹோம் (சொந்த மைதான அணி) 2.10, டிரா 3.40, அவே (வெளியூர் அணி) 3.60 என்று வையுங்கள். 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால் 47.6, 29.4, 27.8. கூட்டினால் 104.8. அதாவது எது நடந்தாலும் 100 ரூபாய் கைக்கு வரவேண்டுமென்றால் நீங்கள் 104 ரூபாய் 80 பைசா வைக்கவேண்டும். அந்த 4.80 அவனுடையது. காசே வைக்காமல் மேட்ச் பார்க்கிறவருக்கும் இந்த வகுத்தல் உதவும், எந்த அணிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சந்தை நினைப்பது தெரியும். பாடம் என்றால் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியது இதுதான்.

சேனல் தினமும் தள்ளுவதோ நாலு மேட்ச் ‘காம்போ’, நாலும் பலித்தால்தான் காசு. தலா 1.50 என்றால் பெருக்கி 5.06, பார்க்க ஜோர். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் கூலி ஒளிந்திருந்தால் நியாயமாகத் தரவேண்டியது 6.15. கூலியும் சேர்ந்தே பெருகுகிறது.

டிப்ஸ் நேரமும் சரியில்லை. ஆட்ஸ் 2.10 இருந்தபோது எடுத்ததாகச் சொல்கிற டிப், சந்தாதாரருக்கு வரும்போது 1.90. நஷ்டமில்லாமல் இருக்க 100-க்கு 48 முறை பலித்தால் போதும் என்றிருந்தது இப்போது 53 ஆகிவிட்டது. ‘நேத்து அடிச்சது’ ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம். டிப் வந்தவுடன் அதை உங்கள் சேவ்டு மெசேஜுக்கு ஃபார்வர்டு செய்து வையுங்கள். அங்கே அவர்கள் திருத்தினாலும் அழித்தாலும் உங்கள் பிரதி மாறாது.

‘ஃபிக்ஸ் மேட்ச்’ என்று இன்பாக்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓவர்-அண்டரையே பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 800 பேரில் 400 பேருக்கு ஓவர், 400 பேருக்கு அண்டர் என்று அனுப்பு. பலித்த 400 பேரை மறுபடி பாதியாக்கு. மூன்றாவது மேட்ச் முடியும்போது 100 பேர் தொடர்ந்து மூன்று முறை ‘ஜெயித்து’ அண்ணனைக் கடவுளாகப் பார்ப்பார்கள். நாலாவதுக்குத்தான் 15,000 கேட்பார்கள்.

புதுச்சேரி-கடலூர் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பீர் விலை மாறும், மத்திய சட்டம் மாறாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கடலூர் பக்கம் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமும் உண்டு. அதில் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விழலாம், இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

சேனல் கொடுக்கும் க்யூஆர் தனிநபர் கணக்குடையது, அடிக்கடி மாறுகிறது. அப்படிப்பட்ட கணக்கிலிருந்து ‘ஜெயித்த பணம்’ உங்களுக்கு வந்தால், யாரோ கொடுத்த சைபர் புகாரில் உங்கள் கணக்கும் முடங்கக்கூடும். ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். தாமதித்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். ‘மணி பேக் கேரண்டி’ என்று போட்டிருப்பதைக் கேட்டால் அடுத்த மாதச் சந்தா இலவசம் என்கிறார்கள்.

ஐந்துக்கு ஒன்று. அதுவும் ஓவர்-அண்டர் பக்கத்துக்கு.