முதலுதவிச் சான்றிதழ்: ஆன்லைனா, நேரிலா, இரண்டும் கலந்ததா?

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் படியேறிக்கொண்டிருந்தோம். எனக்கு நாலு படி முன்னால் போன பெரியவர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார், அப்புறம் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். டெல்லியில் ஆடி மாதப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒரு அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். என் போனில், தங்க நிறத்தில் ஓரம் போட்ட முதலுதவிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. மூச்சு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கே பார்ப்பது, எத்தனை வினாடி பார்ப்பது, சுற்றி நிற்பவர்களை எப்படி விலக்குவது என்று வரும்போது கை ஓடவில்லை.

நல்லவேளை, வெறும் மயக்கம்தான். காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்ததும் கண் திறந்து பேசினார். ஆனால் நின்றுபோனது இதயமாக இருந்திருந்தால்? ரத்த ஓட்டம் நின்று 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தச் சான்றிதழை வாங்க எனக்கு மொத்தம் 40 நிமிடம் ஆனது. வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் 20 கேள்வி. தப்பாகப் போட்டால் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். பணம் கட்டியதும் பெயர் அச்சாகி வந்துவிட்டது.

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் இருந்து ஒன்பது பேர், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், இந்த முறை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம். எந்தப் படிப்பை நம்பலாம் என்று அலசிப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. கண்ணில் பட்டவை மூன்று வகை: முழுக்க ஆன்லைன், பாதி ஆன்லைன் பாதி நேரில், முழுக்க நேரில். மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளந்தேன். சான்றிதழ் தருவதற்கு முன்னால், தெரிந்த ஒருவர் நம் கை வேலை செய்வதைப் பார்க்கிறாரா?

முழுக்க ஆன்லைன்

இதில்தான் கடை அதிகம், லோகோவும் அதிகம். ஒரு தளத்தின் மாதிரிச் சான்றிதழில் ஆறு முத்திரை எண்ணினேன். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்தை எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றியது. மார்பை எத்தனை சென்டிமீட்டர் அழுத்தச் சொல்லித் தருகிறார்கள் என்று அது பார்ப்பதே இல்லை. எம்எஸ்எம்இ முத்திரை என்றால் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆதார் எண்ணைக் கொடுத்து, சுய அறிவிப்பின் பேரில், கட்டணமே இல்லாமல் மாவு மில் வைத்திருப்பவரும் அந்தப் பதிவை எடுக்கலாம். நிதி ஆயோக் பெயரைப் பெரிதாகப் போடுகிறவர்கள் பலர் காட்டுவது என்ஜிஓ தர்ப்பண் எண்ணை. தொண்டு நிறுவனமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இவை எதுவும் பொய் கிடையாது. ஆனால் முதலுதவிப் பாடத்தை யாரோ சோதித்து ஒப்புதல் கொடுத்த மாதிரி ஒரு தோற்றத்தைத் தருகின்றன. "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போட்டிருந்தால் எந்தத் துறை, எந்த ஆணை என்று ஒரு மெயில் அனுப்புங்கள். நான் நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே தரவில்லை, மற்ற இரண்டு பேர் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்.

கியூஆர் கோடு இருந்தால் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஸ்கேன் செய்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விற்றவரின் தளத்துக்கே போய், "ஆம், இவர் எங்களிடம் வாங்கினார்" என்று சொல்லும். காகிதம் போலி இல்லை என்பது வரைக்கும் சரி. படிப்பு நல்லதா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

"ஆயுள் முழுக்கச் செல்லும்" என்று எழுதியிருந்தால் அந்த ஜன்னலை அப்போதே மூடிவிடுங்கள். பொறுப்பான அமைப்புகள் முதலுதவிச் சான்றிதழை 2 அல்லது 3 ஆண்டுக்குத்தான் தருகின்றன. கை மறந்துபோகும் என்பது ஒரு காரணம், பாடமே மாறும் என்பது இன்னொன்று. 2025 அக்டோபரில், இதய நோய்க்கான அமெரிக்கத் தொண்டு அமைப்பான அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. அதற்கு முன்பு, தொண்டையில் உணவு அடைத்துக்கொண்ட பெரியவர்களுக்கு வயிற்றில் அழுத்துவதைத்தான் அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது முதலில் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்து, அடைப்பு வெளியே வரும் வரை மாறி மாறி. ஒரு படிப்பைச் சோதிக்க இது வசதியான கேள்வி. "உங்கள் பாடம் எந்த ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறது?" என்று கேளுங்கள். ஆண்டைச் சொல்லத் தெரியாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

ஒரு தளத்தில், சான்றிதழ் இல்லாமல் விபத்தில் உதவினால் போலீஸ் வழக்கில் மாட்டுவீர்கள் என்று பயமுறுத்தி விற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. அதற்குச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. ஏற்கெனவே நம் ஊர்களில் அடிபட்டவரைத் தொடப் பயந்து வேடிக்கை பார்க்கிறோம். அந்தப் பயத்தையே காசாக்குவது பெரிய பாவம்.

இவ்வளவு சொன்னாலும் ஆன்லைன் படிப்பை முழுக்கத் தள்ளிவிட முடியாது. எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள வீடியோவே போதும். தீக்காயத்தில் பற்பசை தடவாதே, ஓடும் தண்ணீரில் 10 நிமிடமாவது, முடிந்தால் 20 நிமிடம் காட்டு. பாம்பு கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, அசையவிடாமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. வலிப்பு வந்தால் கையில் சாவியும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வை, நேரத்தைப் பார், 5 நிமிடத்தைத் தாண்டினால் 112-ஐக் கூப்பிடு. இதையெல்லாம் காதால் கேட்டாலே பாதிப் பிழை குறையும். அதை "அட்வான்ஸ்டு" என்று பெயர் போட்டு, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர்காப்பது) தெரிந்தவர் என்று கையெழுத்துப் போட்டுத் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பாதி ஆன்லைன், பாதி நேரில்

பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் ஒரு மையத்துக்குப் போவது இந்த வகை. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தன் ஆன்லைன் பாடங்களை இப்படித்தான் நடத்துகிறது. செய்முறையை நேரில் செய்து காட்டினால்தான் சான்றிதழ் அட்டை. இரண்டு ஆண்டு செல்லும், அவர்கள் தளத்திலேயே யாரும் சரிபார்க்கலாம். ஆகவே "வீட்டிலிருந்தபடியே முழுக்க ஆன்லைனில் அந்த அட்டை" என்று யாராவது விளம்பரம் செய்தால், அது ஏமாற்று என்று யோசிக்காமல் முடிவு கட்டலாம். அமெரிக்க ரெட் கிராஸ் முழு ஆன்லைன் பாடமும் விற்கிறது. ஆனால் வேலையிடத் தேவைக்கு அது போதாமல் போகலாம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இப்படி ஒளிக்காமல் சொல்பவர்களை நம்பலாம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையும் ஆன்லைன் மட்டும் போதாது, செய்முறை வேண்டும் என்று எழுத்திலேயே விளக்கம் கொடுத்திருக்கிறது.

2019-லிருந்து, பெரியவர்களுக்கான சிபிஆர் வகுப்புகளில் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து காட்டும் கருவி இருந்தாக வேண்டும் என்று ஹார்ட் அசோசியேஷன் விதி வைத்திருக்கிறது. இதை நான் பெரிய பிளஸ்ஸாகப் பார்க்கிறேன். பயிற்றுநர் களைத்திருக்கலாம், தாட்சண்யம் பார்க்கலாம். கருவிக்கு அதெல்லாம் கிடையாது.

குறை என்று பார்த்தால் செலவு கூடுதல், பாடம் முக்கால்வாசி ஆங்கிலம். இன்னொன்று, மையங்கள் முதலில் நம்மிடம் நீட்டுவது பிஎல்எஸ் படிப்பை. அது நர்ஸ், டாக்டர், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கானது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபீஸ் போகிறவர்களுக்கும் ஹார்ட்சேவர் என்ற படிப்புதான் பொருந்தும். கேட்டு வாங்க வேண்டும்.

முழுக்க நேரில்

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ரெட் கிராஸ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. 1920-ல் சட்டம் போட்டு அமைத்த இந்திய ரெட் கிராஸின் தலைமையகம் அங்கேதான். முதலுதவிப் பயிற்சி தரும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் அதே வளாகம்தான். இந்த இரண்டின் பெயரும் நம் அரசு அலுவலகங்களில் எடுபடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதன் பொறுப்பில் மாநில அரசு ஏற்கும் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவர் என்று எழுதி வைத்தது. வேலைக்காகவோ லைசென்ஸுக்காகவோ சான்றிதழ் தேவைப்பட்டால், கேட்கும் அலுவலகம் எந்தப் பெயரை ஏற்கும் என்று முதலிலேயே விசாரித்துவிட்டு இந்தப் பக்கம் வருவது நல்லது. செயிண்ட் ஜான் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும்.

நேர் வகுப்பு என்பதாலேயே நல்ல வகுப்பு ஆகிவிடாது. நான் முதலில் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் மார்பை அழுத்திப் பழக நாற்பது பேருக்கு ஒரே பொம்மை. ஆளுக்குப் பத்து அழுத்துகூட வரவில்லை, அதற்குள் அடுத்தவர் மண்டி போட்டாயிற்று. எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை என்று முன்பே கேட்காதது என் தப்பு. இரண்டாவது இடத்தில் ஆறு பேருக்கு ஒரு பொம்மை. அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அந்தப் பொம்மையின் மார்புக்குள் ஒரு வில் இருக்கிறது. சரியான ஆழம் போனால் "டக்" என்று சத்தம் வரும். 5 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும், 6-ஐத் தாண்டக்கூடாது. என் முதல் அழுத்துக்குச் சத்தம் வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. "மேடம், முழங்கை மடங்குது. தோளை நேரா கைக்கு மேல கொண்டு வாங்க" என்றார் பயிற்றுநர். தோளை நகர்த்தியதும் உடம்பின் பாரம் தானாக இறங்கியது, சத்தம் வந்தது. வீடியோவில் இதே காட்சியை எத்தனையோ முறை பார்த்தவள்தான் நான். என் முழங்கை மடங்குவதை அந்த வீடியோ எப்படிப் பார்க்கும்?

அப்புறம் எண்ணுவது. நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்துக்கு ஒரு சுற்று. தமிழில் எண்ணிப் பாருங்கள். பத்து வரை ஓடுகிறது. பதினொன்று, பன்னிரண்டு என்று வந்ததும் வார்த்தை நீள்கிறது, "இருபத்தேழு" சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அழுத்து தாண்டியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் இருபதுக்கு மேல் வேகம் விழுந்தது. ஒன்று முதல் பத்து வரை மூன்று தரம் எண்ணுங்கள் என்று பயிற்றுநர் மாற்றிக் கொடுத்தார், சரியானது. எந்த ஆன்லைன் தேர்விலும் இந்தச் சிக்கல் வெளியே வந்திருக்காது.

சான்றிதழ் தேவையில்லை, இதயம் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இந்திய மயக்க மருந்து நிபுணர்கள் முன்னின்று உருவாக்கிய கோல்ஸ் என்ற முறை, பொதுமக்களுக்காகவே 2017-ல் வெளிவந்தது. வாய்வழி மூச்சு கொடுப்பது அதில் இல்லை, மார்பை அழுத்துவது மட்டும்தான். ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் இதற்கு முகாம் நடத்தும்போது போய்விடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

ஒன்பது பேரும் நேர் வகுப்புக்கே போனோம். போவதற்கு முன்னால் ஒரு வாரம் இலவச வீடியோக்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் பணத்துக்கு அதுதான் கட்டுப்படியானது. தினமும் ஆபீஸ் ஷிஃப்ட்டில் இருக்கும் இரண்டு பேர் அடுத்த முறை பாதி ஆன்லைன் வழியில் போகப்போகிறார்கள். அவர்களுக்கு அது சரியாக வரும் என்று நானும் நினைக்கிறேன்.

என் மனதை மாற்றியது செல்வி அக்காதான். திரிலோக்புரியில் இருந்து வந்து, எங்கள் பிளாக்கில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறார். நாள் முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் எழுதிய அந்த 20 கேள்வித் தேர்வை அவரிடம் கொடுத்திருந்தால் முதல் கேள்வியிலேயே நின்றிருப்பார். வகுப்பில் இந்தியும் தமிழும் கலந்து சொன்னதை ஒரு தரம் கேட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டி போட்டார். முதல் அழுத்திலேயே "டக்".

பயிற்றுநர் நிறுத்தச் சொல்லும் வரை, இரண்டு நிமிடம், ஒரு அழுத்துகூடத் தவறவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டார். கேட்டதற்கு, "மெத்தைமேல அழுத்தினா உள்ள போகாதுன்னாங்கல்ல, தரையில இறக்க இடம் வேணும்மா" என்றார்.