படகு ரிப்பேருக்கு 3,400 டாலர் கொடுத்து ஏமாந்தேன். டல்லாஸ் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

மூன்று நாள் ஆகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சனிக்கிழமை காலை லூயிஸ்வில் ஏரியில், எங்கள் பாய்மரப் படகின் கீலைத் (படகின் அடியில் தொங்கும் கனமான இரும்பு) தூக்கும் கேபிள் கழன்று 250 கிலோ இரும்பு ஒரே அடியாகக் கீழே விழுந்தது. அப்போது அந்தக் கேபிளைச் சுருட்டும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது என் மகள். பதினொரு வயது. இழுத்துப் பிடித்த பாரம் சட்டென்று இல்லாமல் போனதும் பின்பக்கமாகச் சாய்ந்து, முழங்கை பலகை விளிம்பில் இடித்து, இப்போது கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. கடவுள் புண்ணியம்.

அந்தக் கேபிளை மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவன் என்னிடம் பணம் வாங்கியிருந்தான். கேபிளுக்கு மட்டும் இல்லை, மொத்தம் 3,400 டாலர். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய். படகையே டிரெய்லரோடு சேர்த்து 4,000 டாலருக்குத்தான் வாங்கினேன். என்ன நடந்தது, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

படகைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர் என்பவரின் நிறுவனம் 1969இல் கட்ட ஆரம்பித்து, பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டிய படகு. எங்களுடையது 1979 மாடல். இருபத்தொன்றரை அடி நீளம், ஏழே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். தனி அனுமதி எதுவும் வாங்காமல் டிரெய்லரில் வைத்து ரோட்டில் இழுத்துப் போகலாம். அப்படி இழுத்துப் போக முடிவதற்குக் காரணமே அந்தக் கீல்தான். படகு சாயாமல் பிடித்துக்கொள்ளும் 550 பவுண்டு வார்ப்பிரும்பு. முன்முனையில் ஒரு பின் (pin, குறுக்கே போகும் உலோகத் தண்டு) மேல் தொங்கும். பின்பக்கம் ஒரு கேபிள் கட்டியிருக்கும். வின்ச்சைச் சுற்றினால் மேலே மடங்கிவிடும், அப்போது இரண்டு அடித் தண்ணீர் போதும். இறக்கிவிட்டால் ஐந்து அடி ஆழத்துக்குத் தொங்கும். ஆக அந்தப் பின்னும் அந்தக் கேபிளும்தான் படகின் உயிர்நாடி. படகு வேகம் எடுத்தால் அந்தக் கேபிள் தண்ணீரில் அதிர்ந்து விர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது பழக்கம். என் மகள் அதைப் "படகு பாடுது அப்பா" என்பாள்.

பிப்ரவரியில் டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் மெத்தென்று ஆகியிருப்பதைக் கவனித்தேன். கால் வைத்தால் ஊறிய அப்பளம் மாதிரி அமுங்கியது. மேலேயும் கீழேயும் ஃபைபர் கிளாஸ், நடுவில் பிளைவுட். கைப்பிடிக் கம்பிகளை டெக்கில் முடுக்கியிருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் அழுகிவிடும். பழைய படகுகளில் இது சகஜம். கேபிளிலும் இரண்டு மூன்று இழை அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. இது நானே செய்துகொள்ளக்கூடிய வேலை இல்லை என்று தோன்றியதால், வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். நிறைய நட்சத்திரங்கள், நல்ல விமர்சனங்கள், "படகு ரிப்பேர், உங்கள் இடத்துக்கே வருவோம்" என்று இருந்தது. கூப்பிட்டேன். மறுநாளே வந்தான்.

நான் எங்கே விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். வந்தவன் விலையே பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டெக்கில் ஏறினான். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டினான். நல்ல இடத்தில் டக், டக். அழுகிய இடத்தில் தொப், தொப். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, "நீ தட்டு, எங்கே சத்தம் மாறுதோ அங்கே சாக்பீஸால் கோடு போடு" என்றான். அவளும் முட்டி போட்டுத் தட்டித் தட்டி ஒரு பெரிய வட்டம் வரைந்தாள். பிள்ளைக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறவன் வேலையையும் பொறுப்பாகச் செய்வான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவன் சொன்ன வைத்தியமும் தப்பில்லை. மேல் ஃபைபர் தோலை வெட்டி எடுக்க வேண்டும், அழுகிய பிளைவுட்டைச் சுரண்ட வேண்டும், நன்றாகக் காயவிட வேண்டும், புதுப் பலகையை எபாக்ஸிப் பசையில் ஒட்டி மேலே மறுபடி ஃபைபர் கிளாஸ் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளே மறுபடி அழுகும் என்று அவன் வாயாலேயே சொன்னான். டெக் வேலைக்கு 1,900, கீல் பின்னும் கேபிளும் மாற்ற 900, கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றிப் புதிதாக சீலன்ட் வைத்து முடுக்க 350, டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைக்க 250. மொத்தம் 3,400.

அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. "தளத்தின் மூலமாகப் பணம் கட்டினால் அவர்கள் கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். நேரடியாக எனக்கு அனுப்பினால் அந்தக் காசில் இன்னும் நல்ல பலகை வாங்கிப் போடுவேன்." முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும், சாமான் வாங்க வேண்டும் என்றான். என் மனைவி வாசலிலேயே தமிழில் சொன்னாள், "ஏங்க, பாதி குடுங்க, மீதி முடிஞ்சதும் குடுக்கலாம்." நான் கேட்கவில்லை. போனில் இரண்டு தடவை விரலை வைத்தேன், 3,400 டாலர் போய்விட்டது. படகை டிரெய்லரோடு தன் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஷெட் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு விலாசம் மெசேஜில் அனுப்பினான். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் என்றான், பத்து வாரம் ஆனது. முதலில் பலகை வரவில்லை. பிறகு மழை, காற்றில் ஈரம், எபாக்ஸி இறுகாது. அதை நம்பினேன், ஏப்ரலில் இங்கே மழைதான். பிறகு அவன் அம்மா ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பவனிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? ஒரு தடவை வேலை நடக்கும் படம் அனுப்பினான். அதில் படகின் ஓரக்கோடு நீலம். எங்கள் படகுக்குச் சிவப்பு. கேட்டதற்கு, "மாற்றி அனுப்பிவிட்டேன், அது இன்னொரு கஸ்டமருடையது" என்றான். சரியான படம் கடைசிவரை வரவில்லை.

மே மாதக் கடைசியில் இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விட்டான். டெக் முழுக்கப் புது பெயின்ட், பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் ஏறி நின்று பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேபிளைக் காட்டச் சொன்னேன், வின்ச் பக்கத்து முனையைக் காட்டினான், புதுசாக மின்னியது. கீல் பக்கத்து முனை படகுக்கு அடியில் இருக்கிறது, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். "அவசரமாக இன்னொரு வேலை" என்று கிளம்பிவிட்டான். என் மனைவி மட்டும் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரமும் எனக்கு ஆபீஸ் வேலை. போன சனிக்கிழமைதான் முதல் தடவையாகத் தண்ணீரில் இறக்கினோம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது, கரை நெருங்குகிறதே என்று கீலைத் தூக்கச் சொன்னேன். மகள் பத்துப் பதினைந்து சுற்று சுற்றியிருப்பாள். டம் என்று ஒரு சத்தம். படகு முழுக்க அதிர்ந்தது. கீழே அவள் அலறல். நான் சுக்கானை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தேன். கீல் மடங்கும் குழியின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

கீல் ஐந்தடி தொங்கினால் டிரெய்லரில் ஏற்ற முடியாது. பக்கத்துப் படகில் வந்த இரண்டு பேர் உதவினார்கள். ஒரு கயிற்றை முன்பக்கமாக அடியில் விட்டு, கீலுக்கு முன்னால் வளைத்து, இரண்டு முனையையும் பின்னாலிருந்து வின்ச்சில் இழுத்து எப்படியோ மேலே மடக்கினோம். அவர்களுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டார்ச்சோடு அடியில் படுத்தேன். கேபிள் அறுபடவே இல்லை. முடிச்சிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. கேபிள் முனையை வளைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து நெரிக்க ஒரு சின்னக் குழாய்த்துண்டு போடுவார்கள். அது செம்பாக இருக்க வேண்டும், அதற்கென்று உள்ள கருவியால் நெரிக்க வேண்டும். இவன் போட்டது அலுமினியம். தண்ணீருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோடு அலுமினியம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதுகூட இங்கே நடக்கவில்லை, அதற்கு முன்னாலேயே கழன்றுவிட்டது, ஏனென்றால் அதை நெரித்தது சாதாரணக் கட்டிங் பிளேயரால். பிளேயரின் பல் தடம் வரிசையாக அதில் பதிந்திருக்கிறது. இதோ மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். என் மகளின் கைக்கும் அந்த 250 கிலோவுக்கும் நடுவில் இருந்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மற்றதையும் பிரித்தேன். கீல் பின் பழையதேதான், மேலே கிரீஸ் தடவியிருக்கிறான், துடைத்தால் நடுவில் தேய்ந்த பள்ளம் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிறது. சக்கரத்துக்குப் புது மூடி மாட்டியிருக்கிறான், மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் கலந்த பழைய கிரீஸ், மோர் நிறத்தில். நெடுஞ்சாலையில் பேரிங் நெருப்புப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசியாக டெக். கைப்பிடிக் கம்பியின் அடியில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது, கத்தி முனையால் நெம்பினேன். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் காருக்குப் போடும் பட்டி. தோலை வெட்டவே இல்லை, ஓட்டை போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறான். அதற்குக் கீழே கறுப்பாக, ஈரமாக, பழைய பிளைவுட். விரலால் அள்ளினேன், வடிகட்டிய டீத்தூள் மாதிரி வந்தது. 1,900 டாலர் வேலை.

போன் செய்தேன். முதலில் எடுத்தான். "நான் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் பெண் கைப்பிடியைத் தப்பாகச் சுற்றியிருப்பாள்" என்றான். இந்த ஒரு வார்த்தைக்காகவே இவனை நான் விடப்போவதில்லை. படம் அனுப்பினேன், பார்த்துவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தத் தளத்தில் சாட்டில் கேட்டால், "பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டுள்ளதால் உதவ இயலவில்லை" என்று ஒரே வரி. பிள்ளைக்கு அடிபட்டது என்று எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்தது, அதோடு புகாரையே மூடிவிட்டார்கள். என் விமர்சனத்தைக்கூடப் போட முடியவில்லை, வேலை அவர்கள் மூலம் நடக்கவில்லையாம். பேங்க்கில், "நீங்களே அனுமதி கொடுத்து அனுப்பிய பணம் சார்" என்றார்கள். நேற்று அவன் கொடுத்த விலாசத்துக்குப் போனேன். அது கடிதப் பெட்டி வாடகைக்கு விடும் கடை. ஷெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 3,400 டாலர்.

டெக்ஸஸில் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். போடப்போகிறேன். ஆனால் சம்மன் கொடுக்க அவன் உண்மையான விலாசம் வேண்டும், அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மகளை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போக நேரமாகிவிட்டது, அதனால் சுருக்கமாக. தளத்துக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். படகு போய் நிற்கப்போகும் இடத்தை நேரில் பாருங்கள். டெக்கை வெட்டித் திறந்த நிலையில் படம் கேளுங்கள், உங்கள் படகின் பதிவு எண் அதில் தெரிய வேண்டும். கழற்றிய பழைய பின், பழைய கேபிளைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். இருட்டில் படகைத் திரும்ப வாங்காதீர்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியம், கேட்டலினா 22 மாதிரி கீல் தொங்கும் படகு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போய்க் கேபிளின் கீழ் முனையைப் பாருங்கள். அது வரைக்கும் பிள்ளைகளை வின்ச் பக்கம் விடாதீர்கள்.

டல்லாஸ், ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் யாராவது வந்து ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டெக்கைத் தட்டிக் காட்டி, உங்கள் பிள்ளை கையில் சாக்பீஸ் கொடுத்தால், எனக்கு உடனே மெசேஜ் போடுங்கள்.