இட்லி மாவு விற்பனை குறைந்தால்: நேர்ப்பேச்சா, சர்வேயா, கடைச் சோதனையா?

ஒரு கிலோ இட்லி மாவு பாக்கெட் போடும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக விற்பனை இறங்குமுகம். உடனே ஒரு கூகுள் ஃபார்ம் தயாராகி வாட்ஸாப்பில் சுற்றத் தொடங்கும். பிசகு அங்கேதான். காரணமே தெரியாத நிலையில், விலை, சுவை, தரம் என்று நாமே யூகித்த நாலைந்து காரணங்களைத்தான் ஃபார்மில் போட முடியும். யூகிக்காதது வெளியே வரவே வராது.

எந்த ஆய்வுக்கும் முன் சொந்த பில் புத்தகத்தைக் கடைவாரியாக, கிழமைவாரியாகப் பாருங்கள். ஒரே லைனில் ஆறு கடை மட்டும் சரிந்திருந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது வண்டி போய்ச்சேரும் நேரத்தை.

காரணம் பில்லில் சிக்கவில்லை என்றால் நேர்ப்பேச்சு. வாங்குவதை நிறுத்தியவர்கள் 12 முதல் 15 பேர், ஆளுக்கு 40 நிமிடம், அவர்கள் வீட்டிலேயே. "ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டால் "விலை ஜாஸ்தி" என்று முடித்துவிடுவார்கள். "கடைசியா மாவு வாங்குனது என்னைக்கு? மிச்சத்தை என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜில் ரப்பர் பேண்ட் போட்ட பாதி பாக்கெட் புளித்துப்போய்க் கிடந்தால், இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ அதிகம் என்பது கண்ணுக்கே தெரியும். ஆறு முதல் எட்டு பேரை உட்காரவைக்கும் குழு உரையாடல் இந்தப் பொருளுக்கு அவ்வளவாக ஒத்துவராது. பக்கத்தில் நாலு பேர் இருந்தால் "நான் வீட்லதான் அரைப்பேன்" என்று சொல்லவே தோன்றும். எதுவானாலும், 15 பேரை வைத்து '60 சதவீதம்' என்று எழுதாதீர்கள்.

'இப்படி எத்தனை வீடு?' என்ற கேள்விக்குத்தான் சர்வே. 95 சதவீத நம்பிக்கையில் (இதே சர்வேயை நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை உண்மை நிலவரம் அந்தப் பிழை எல்லைக்குள் இருக்கும்) பிழை கூட்டிக்குறைத்து 5 சதவீதம் போதுமென்றால் 385 பேர். 3 சதவீதம் வேண்டுமென்றால் சுமார் 1,067. கோவைக்கும் மதுரைக்கும் தனித்தனி முடிவு வேண்டுமா? ஊருக்கு 385. இந்தக் கணக்கு, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும். சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் ஆயிரம் பேர் பதில் போட்டாலும் அது சொந்தக்காரர்களின் கருத்துதான். இன்னொன்று: "அரை கிலோ வந்தால் வாங்குவீர்களா?" என்பது வீண் கேள்வி. "வாங்குவேன்" என்று சொல்லக் காசு செலவில்லையே. கடந்த ஏழு நாளில் எத்தனை பாக்கெட் வாங்கினார்கள், எவ்வளவு கொட்டினார்கள் என்று கேளுங்கள்.

அரை கிலோ போட்டால் விற்பனை ஏறுமா என்பதற்குக் கடைச் சோதனைதான் பதில். விற்பனை ஒத்துள்ள 20 கடைகளைப் பத்து ஜோடியாக்கி, ஜோடிக்கு ஒன்றைக் காசு சுண்டித் தேர்ந்து அதில் மட்டும் புது பாக்கெட் வையுங்கள். முதல் இரண்டு வாரம் பழைய நிலவரத்தைக் குறித்துவிட்டு, நான்கு வாரம் சோதனை. அனுப்பியதை விற்றதாக எண்ணக் கூடாது: ஆரம்ப இருப்பு, அதோடு வந்த சரக்கு, அதில் ரிட்டர்னும் மிச்சமும் போகத்தான் விற்பனை. பாக்கெட்டை அல்ல, மொத்தக் கிலோவைப் பாருங்கள்; அரை கிலோ நம்முடைய ஒரு கிலோவையே தின்றிருக்கலாம். கடைக்காரர் புதுசை ஃப்ரிட்ஜின் முன்வரிசையில் வைத்தாலோ, ஞாயிறு காலை சரக்கு தீர்ந்தாலோ, நடுவில் தீபாவளி வந்தாலோ கணக்கு கெடும். முதல் வாரம் ஆர்வத்தில் வாங்குவார்கள். மூன்றாம், நான்காம் வாரங்களை நம்புங்கள். 20 கடையில் 5 சதவீத வித்தியாசம் பிடிபடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சோதனையில் அளக்கும் பொருளே தவறினால் எண்ணிக்கை காப்பாற்றாது. 1985இல் கோகோ கோலா ஏறக்குறைய இரண்டு லட்சம் சுவைச் சோதனை நடத்திவிட்டுத்தான், சுவையை மாற்றிய புதிய கோக்கை பழையதுக்குப் பதிலாக இறக்கியது. 79 நாளில் பழையது திரும்பிவந்தது. எது ருசி என்பதை அளந்தார்கள். மக்கள் கொதித்ததோ பழையதை எடுத்துவிட்டதற்காக.

அரை கிலோவுக்குப் புது பை அச்சடித்தால் மட்டும் போதுமா? சர்வேயைத் தாண்டி நேரே கடைச் சோதனைக்குப் போய்விடலாம். புது பேக்கிங் மெஷினும் இன்னொரு வண்டியும் வாங்க வேண்டியிருந்தால், கடைச் சோதனையோடு அந்த 385 வீடுகளையும் ஏறி இறங்கிவிட்டு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.