முகுட்டு: யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்யும் ஆவணக் காப்பக மென்பொருள்

பல்கலைக்கழகக் குழு ஓர் ஊருக்குப் போகிறது. பாட்டு, தறி வேலை, சடங்கு எல்லாம் பதிவாகின்றன. ஆய்வேடு முடிந்ததும் அந்தப் பதிவுகள் துறையின் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும், இல்லையென்றால் யூடியூபில் ஏறிவிடும். பாடியவருக்கு ஒரு பிரதிகூடப் போய்ச் சேராது. அந்த ஊர் வேலைப்பாட்டை வேறு யாரோ துணியில் அச்சடித்து விற்றாலும், இது எங்களுடையது என்று காட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. இந்த அநியாயத்தைத் தடுக்கவென்றே உருவான இலவச மென்பொருள் முகுட்டு. சமூகங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் துறைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் நிறுவிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல இது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வருமுங்கு பழங்குடி மக்களுடன் ஆய்வாளர் கிம்பர்லி கிறிஸ்டன் செய்த நெடுங்காலப் பணியிலிருந்து 2007இல் இதன் முதல் வடிவம் வந்தது. பாதிரிமார்களும் அருங்காட்சியகங்களும் திருப்பித் தந்த பழைய படங்களை எல்லோருக்கும் அப்படியே திறந்து காட்ட முடியாது என்பதுதான் அங்கே எழுந்த சிக்கல். சில சடங்குப் படங்களைப் பெண்கள் மட்டுமே பார்க்கலாம், சிலவற்றை ஆண்கள் மட்டுமே பார்க்கலாம். இறந்தவர் முகத்தைக் காட்டவும் கட்டுப்பாடு உண்டு. இப்போது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இதைப் பராமரிக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் பிளாட்டோ (Plateau, பீடபூமிப் பகுதி) பழங்குடி மக்கள் இணைய வாயிலும் இதில்தான் இயங்குகிறது.

நிறுவியதும் மூன்றை அமைக்க வேண்டும்: வகைகள், சமூகம், அந்தச் சமூகத்துக்குள் புரோட்டோகால்கள் (எதை யார் பார்க்கலாம் என்ற விதிகள்). இவை இல்லாமல் ஒரு பதிவைக்கூடச் சேமிக்க முடியாது. கருவியின் உயிரே இந்தத் தடைதான். படத்தை ஏற்றும் முன்பே ‘இதை யார் பார்க்கலாம்?’ என்று ஊர்க்காரர்களிடம் கேட்டாக வேண்டியிருக்கிறது. புரோட்டோகால் ‘திறந்தது’ என்றால் உலகமே பார்க்கும். ‘கண்டிப்பானது’ என்றால் உறுப்பினர்கள் மட்டும் பார்ப்பார்கள். ஒரு பதிவுக்கு இரண்டு புரோட்டோகால்கள் தந்தால், ஏதாவது ஒன்றில் இருப்பவர் பார்க்கலாமா, இரண்டிலும் இருப்பவர்தான் பார்க்கலாமா என்பதையும் குறிக்க வேண்டும். ‘ஏதாவது ஒன்று’ என்று கவனிக்காமல் விட்டால், குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய ஒலிப்பதிவு ஊருக்கே கேட்கும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரே ஒரு திறந்த புரோட்டோகாலை அமைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டுவது. ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் அதற்குள் பதிவிறக்கியவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. முதலில் கண்டிப்பான ஒன்றில் வைத்து, ஊர்க்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்டதை மட்டும் திறப்பதே சரி. நான்காம் பதிப்பில் ஒலி, படக் கோப்புகளுக்கும் தனியாகப் புரோட்டோகால் உண்டு. பதிவை மட்டும் மூடிவிட்டுக் கோப்பைத் திறந்து விடாதீர்கள்.

சமூகப் பதிவு என்ற வசதி தனியே பாராட்டத் தக்கது. ஒரே படத்துக்கு அருங்காட்சியகத்தின் குறிப்பும் ஊர்க்காரர்களின் குறிப்பும் பக்கத்துப் பக்கத்தில், சம இடத்தில் நிற்கும். ‘அடையாளம் தெரியாத பெண், கூடையுடன்’ என்று நூலகம் எழுதி வைத்த படத்துக்குப் பேத்தி பெயர் சொல்லலாம், கூடையின் பின்னல் எந்தக் குடும்பத்தினுடையது என்று சொல்லலாம். பேராசிரியரின் விளக்கத்துக்குக் கீழே வரும் ‘கருத்து’ அல்ல அது.

ஒரு பதிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சமூகமே சொல்லும் அடையாளக் குறிப்புகளான, லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் (Local Contexts) அமைப்பின் மரபறிவு முத்திரைகளையும் இதில் இணைக்கலாம். வணிகத்துக்கு அல்ல, பருவத்துக்கு உரியது, பெண்களுக்கு மட்டும் என்று பல வகை உண்டு. 1890இல் மெழுகு உருளைகளில் பதிவான பாசமகுவாடி என்ற வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாடல்களுக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே அந்த மக்கள் தங்கள் மொழியில் எழுதிய முத்திரைகளைச் சேர்த்திருக்கிறது. கைவினையால் பிழைக்கும் ஊருக்கு இது பெரிய ஆதாரம். ஆனால் முத்திரை சட்டப்படியான உரிமம் அல்ல. வடிவத்தைத் திருடி விற்பவரை நீதிமன்றத்துக்கு இழுக்கப் புவிசார் குறியீடோ வடிவமைப்புப் பதிவோ தனியாக வேண்டும்.

தொழில்நுட்பக் குறைகளுக்கு வருவோம். முகுட்டு இயங்கும் பிஎச்பி (PHP) நிரல்மொழியின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்பி. சர்வரில் அதை உயர்த்தாவிட்டால் காணொளி ஏறாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் எடுத்த ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 2 ஜிபி வரும். அதை வெளியே இரண்டு வட்டுகளில் வைத்துவிட்டு, மணிக்குச் சுமார் 58 எம்பி ஆகும் 128 கேபிபிஎஸ் எம்பி3 பிரதியை மட்டும் ஏற்றுங்கள். முகுட்டு காட்டுவதற்கான இடம், மூலப்பிரதியைப் பாதுகாக்கும் பெட்டகம் அல்ல. புரோட்டோகால் என்பது குறியாக்கமும் அல்ல. சர்வர் கையில் இருப்பவர் கோப்பைத் திறக்க முடியும். வெளியே தெரியவே கூடாத சடங்கு என்றால் இணையத்தில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

தமிழில் விவரம் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான பதிவுகளை சிஎஸ்வி (CSV) என்ற அட்டவணைக் கோப்பு மூலம் மொத்தமாக ஏற்றும்போது, எக்செலில் வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழெழுத்து எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகளை முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

முகுட்டின் மூன்றாம் பதிப்பு, ட்ருபல் (Drupal) என்ற இணையதள மென்பொருளின் 7ஆம் பதிப்பில் இயங்குகிறது. ட்ருபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் நின்றுவிட்டது. எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் நான்காம் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். மென்பொருளுக்குக் காசு இல்லை, ஆனால் ஹோஸ்டிங்குக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பார்க்க ஓர் ஆளுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாண்டுத் திட்ட நிதியில் தொடங்கிய தளங்கள் நிதி தீர்ந்ததும் அணைந்துபோவது இங்கேதான். டொமைன் பெயரையும் ஹோஸ்டிங் கணக்கையும் முதல் நாளே ஊர்ச் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். புரோட்டோகாலுக்குப் பொறுப்பாளராக ஊரில் இருவருக்காவது பயிற்சி கொடுத்து, அந்த நேரத்துக்கான ஊதியத்தையும் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.