ரெபெல், ஃபிரெஸ்கோ, கிரிட்டா: கல்லடி வாவிக்கு எது சரி?

மட்டக்களப்பில் நீர்வர்ணம் பழகுகிறவர்களுக்குக் காற்றுதான் முதல் வாத்தியார். கச்சான் வீசும் மாதங்களில் வானத்துக்கு ஒரு பூச்சுப் போட்டுவிட்டுத் தூரிகையை மறுபடி நனைப்பதற்குள் தாள் காய்ந்துவிடும், விளிம்பில் கோடு விழுந்துவிடும். மார்கழி மழையிலோ அதே பூச்சு ஒரு மணித்தியாலம் போனாலும் ஈரம் விடாது. போன மழைக்கு என் தடித்த 300 ஜிஎஸ்எம் தாள் கட்டுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்கத் தாளில் சேர்த்திருக்கும் பசை கெட்ட இடங்களில் வர்ணம் ஒற்றுத்தாளில் ஊறுவதுபோல் ஊறி, வானம் முழுக்கப் புள்ளி. அந்த எரிச்சலில்தான் கணினிப் பக்கம் போனேன்.

ரெபெல், ஃபிரெஸ்கோ, கிரிட்டா என்ற மூன்று ஓவிய மென்பொருளிலும் ஒரே படத்தைப் போட்டேன்: 1924-இல் கட்டிய பழைய கல்லடி இரும்புப் பாலம், கீழே வாவி, கரையில் கண்டல், மேலே பொழுதுபடும் வானம்.

வானத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. ரெபெல்லில் முதலில் வெறும் தண்ணீரைப் பூசி, அதன்மேல் செம்மஞ்சளை ஒரு சொட்டு வைத்தேன். அது தானாக நகர்ந்தது. தாளைச் சரிக்கும் வசதியும் உண்டு. சரித்தால் வர்ணம் அந்தப் பக்கம் வழிகிறது. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தண்ணீர் வைத்தபோது பூக்கோவா மாதிரி ஒரு கறை விரிந்தது. தாளில் அப்படி வந்தால் திட்டுவேன். திரையில் வந்ததும் சிரித்துவிட்டேன்.

இது லேசான கணக்கில்லை. 1997-இல் காசிடி கர்ட்டிஸ் குழுவினர் கணினி நீர்வர்ணம் பற்றி எழுதிய ஆய்வில் மூன்று அடுக்குகளைத் தனித்தனியே கணித்தார்கள்: தாளின்மேல் ஓடும் தண்ணீர், படியும் நிறமி, தாளுக்குள் ஊறும் ஈரம். விளிம்பு கறுப்பதும் அப்படித்தான். ஓரத்தில் தண்ணீர் வேகமாக ஆவியாகும்; அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து ஓடிவரும் நீர் நிறமியையும் இழுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் சேர்த்துவிடும். தேத்தண்ணிக் கோப்பை மேசையில் விடும் வளையமும் இதே கதைதான்.

ஃபிரெஸ்கோவின் நீர்வர்ணத் தூரிகையும் உண்மையாகவே பரவுகிறது. பேனாவை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால் வர்ணம் விரிந்துகொண்டே போகிறது. அழகுதான். ஆனால் தாளைச் சரித்து வர்ணத்தை வழியவிட எனக்கு வழி கிடைக்கவில்லை. சூரியன் இறங்கும் இடத்தில் வர்ணம் கீழே இழுபட வேண்டும் என்று நினைத்தேன். அது நாலாபக்கமும் வட்டமாகப் பரவியது.

கிரிட்டாவில் தண்ணீரே கிடையாது. விளிம்பு கறுத்த கறை, தாளின் சொரசொரப்பு எல்லாம் தூரிகை முனையிலேயே அச்சாக இருக்கிறது. நீங்கள் அதைக் குத்துகிறீர்கள், அவ்வளவுதான். ஈரத்தை நீங்களேதான் நடிக்க வேண்டும்.

அடுத்தது கண்டல் பச்சை. பெட்டி வர்ணத்தில் நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை வரும். சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டும் திரையின் ஆர்ஜிபி கணக்கில் சாம்பல் கலந்த சோகை நிறம்தான் கிடைக்கும். 2021-இல் வந்த மிக்ஸ்பாக்ஸ் என்ற கணிப்புமுறை நிஜ நிறமிபோல் கலக்கிறது. ரெபெல் அதைச் சேர்த்துக்கொண்டது. மூன்றில் இங்கேதான் ரெபெல் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. மற்றவற்றில் பச்சையை நேராகவே எடுத்துக்கொள்ளுங்கள், கலக்கப் பார்க்காதீர்கள்.

ஆனால் பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு வந்தபோது கிரிட்டாதான் கைகொடுத்தது. காய்ந்த பூச்சின்மேல் மெல்லிய பூச்சு, அதன்மேல் இன்னொன்று. லேயரை, அதாவது மேலே போடும் அடுக்கை, அடிநிறத்தோடு சேர்ந்து கறுக்கும் மல்டிப்ளை முறையில் வைத்தால் அடியிலுள்ள வானம் தெரிந்துகொண்டே நிழல் ஏறும். ரெபெல்லில் காயவைக்க மறந்து, இரண்டு சட்டங்கள் வாவிக்குள் கரைந்து போயின.

காசு விஷயம்: ரெபெல் விலை கொடுத்து வாங்க வேண்டியது, பழைய மடிக்கணினியில் திணறும். ஃபிரெஸ்கோ 2024 ஒக்டோபரிலிருந்து இலவசம், ஆனால் ஐபேட், ஐபோன் அல்லது விண்டோஸ் வேண்டும். கிரிட்டா எப்போதும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். புரோகிரியேட் என்ற இன்னொரு ஓவியச் செயலியை நான் தொடவில்லை. அது ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு, என்னிடம் இல்லை.

தாளில் கை பழகியவர் என்றால் ரெபெல் வாங்குங்கள், கை தானாகப் பிடிபடும். தொடக்கக்காரருக்கு நான் கிரிட்டாவைச் சொல்வதில்லை, தண்ணீர் என்ன செய்யும் என்று அது கற்றுத்தராது. இப்படித்தான் அக்காவின் மகளிடமும் சொன்னேன்.

அவள் தன் பழைய மடிக்கணினியில் கிரிட்டாவிலேயே ஒரு வாவி வரைந்து கொண்டுவந்தாள். வானத்தில் புள்ளி புள்ளியாக, நிஜ ஈரம் ஊறியதுபோல் ஒரு கறை. எந்தத் தூரிகை என்று கேட்டேன்.

"நீங்க எறிஞ்ச தாள்தான் மாமா. போன்ல படம் எடுத்துத் தூரிகையாக்கிட்டன்."